ஓடுற கண்டிஷன்

கோவையில் கணபதி, சிங்காநல்லூர், பீளமேடு பக்கம் பழைய குடியிருப்புகளில் நடந்தால் நாலு தெருவுக்கு ஒருவராவது அகப்படுவார். ஆளுக்கு முன்னால் வண்டி கண்ணில் படும். போர்டிகோவில் நீலத் தார்ப்பாய் போர்த்திய மஹிந்திரா பிக்கப். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஹாலோ பிளாக் கல். கழற்றிய பானெட் துளசி மாடத்தின் மேல் சாய்ந்திருக்கும். தினமும் ஓடுகிற கார் தெருவில் வெயிலில் காயும். வீட்டுக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. மில், மின்வாரியம், வங்கி, பம்ப்செட் கம்பெனி என்று எங்கே வேலை பார்த்திருந்தாலும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இந்த வண்டிக்கு அடியில். காலை ஆறு மணிக்குப் பால்காரர் வரும்போது கைலிக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். பால்காரர் பாதங்களிடம்தான் மாதக் கணக்கைச் சொல்வார்.

வண்டி வாங்கிய கதையை அவர் சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது. ஒரு கல்யாணத்துக்குக் காங்கேயம் பக்கம் போயிருப்பார். பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில், பக்கத்துத் தோட்டத்து வேப்பமரத்தடியில் ஏதோ நிற்பது தெரியும். கிட்டே போனால் டிரைவர் சீட்டில் கோழி அடை படுத்திருக்கும். "ஓடுற கண்டிஷன்தானுங்க. பேட்டரி மட்டும் போட்டீங்கன்னாப் போதும்" என்பார் தோட்டக்காரர். இந்த உறுதிமொழியோடு விற்கப்பட்ட எந்த வண்டிக்கும் பேட்டரியைத் தவிர மற்ற எல்லாம்தான் மாற்ற வேண்டியிருந்திருக்கிறது. விலை சல்லிசு. பழைய இரும்புக்குப் போட்டால் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதைத் தூக்கிக்கொண்டு வந்த ரெக்கவரி வண்டியின் வாடகையையும் சேர்த்தால் கணக்கு இடிக்கும். அவர் அதைச் சேர்ப்பதில்லை.

"ஏனுங்க, இது எதுக்குங்க நமக்கு?" வீட்டம்மா கேட்ட முதல் கேள்வி.

"தேங்கா ஏத்தறதுக்கு அம்மிணி."

"தோப்பைத்தான் வித்துப்போட்டமே."

அதன் பிறகு அந்தக் கேள்வி அந்த வீட்டில் எழவில்லை. வேறு கேள்விகள் எழுந்தன.

முதல் ஞாயிற்றுக்கிழமையே 'சும்மா கழட்டிப் பார்த்துடலாம்' என்று தொடங்கிவிடுவார். கழற்றுகிற நட்டு போல்ட்டெல்லாம் இடம் வாரியாக ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேரும். ஒவ்வொன்றிலும் கணக்குப்பிள்ளை கையெழுத்தில் சீட்டு: 'முன் இடது ஹப்', 'ரேடியேட்டர் தாங்கி', 'கிளட்ச் மூடி'. ஆறாவது பாட்டில் வரை இந்த ஒழுங்கு நிற்கும். ஏழாவதில் 'இதர' என்று எழுதியிருக்கும். எட்டாவது பாட்டில் சமையலறையில் கடலைப்பருப்பு இருந்த டப்பா.

இந்த வண்டிக்கென்று தனியாக ஒரு வினை உண்டு. 1940களின் கடைசியில் மும்பையில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய கம்பெனி மஹிந்திரா. பிக்கப்பின் சேசிஸும் ஆக்சிலும் அந்த அமெரிக்க ஜீப்பின் வழி வந்தவை, அங்கே போல்ட் நட்டெல்லாம் இன்ச் கணக்கு. 1980களில் உள்ளே உட்கார்ந்த டீசல் இன்ஜின் பிரான்சின் பியூஜோ. அதன் பெயர் எக்ஸ்டிபி 4.90, அதாவது 4 சிலிண்டர், 90 மி.மீ. போர், மொத்தம் 2,112 சிசி. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையனுக்குக்கூட இதை விளக்கியிருக்கிறார். பிரெஞ்சுக்காரன் இன்ஜினில் எல்லாம் மில்லிமீட்டர். ஆகவே ஒரே வண்டிக்கு இரண்டு ஸ்பேனர் செட் வேண்டும். அரை இன்ச் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் ஆடும், அழுத்தினால் தலை மழுங்கும். 9/16 இன்ச் என்பது 14.3 மி.மீ. அதில் 14 ஏறவே ஏறாது. முக்கால் இன்ச் மட்டும் 19.05 மி.மீ. என்பதால் 19 ஸ்பேனர் இரண்டு தேசத்துக்கும் பொது. அதை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் கொடுக்க மாட்டார்.

தலை மழுங்கிய போல்ட்டோடு அவர் நடத்தும் பேச்சுவார்த்தையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். முதல் நாள் இரவு துருவின் மேல் டீசலை ஊற்றி ஊறவிடுவார். காலையில் சுத்தியலால் தலையில் லேசாக நாலு தட்டு. வேகத்துக்கு அல்ல, துரு விடுவதற்கு. பிறகு ரிங் ஸ்பேனரின் வாலில் ஒரு அடி நீளப் பைப்பைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றுகிற பக்கம். 'கிர்ர்' என்று சத்தம் வந்தால் போல்ட் வருகிறது. 'டக்' என்று வந்தால் உடைந்துவிட்டது. உடைந்தால் நட்டின் மேல் இன்னொரு நட்டை வைத்து வெல்டு அடித்து, அந்தச் சூட்டோடு திருக வேண்டும். அதற்கு லேத் பட்டறைப் பையன் வர வேண்டும். அவன் 'இப்ப வந்தர்றேங்ணா' என்று சொன்னது செவ்வாய்க்கிழமை. எந்தச் செவ்வாய் என்று அவன் சொல்லவில்லை.

இவரைக் கிறுக்கர் என்று தள்ளிவிடலாம். ஆனால் இவர் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். அந்தப் பழைய டீசல் இன்ஜின் ஒளிவுமறைவு இல்லாதது. கிளம்பவில்லையா? டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பைக் குத்தினால் முதலில் நுரை வரும், அப்புறம் குமிழி, அப்புறம் சுத்தமான டீசல். திருகை இறுக்கு. ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கி, கொஞ்சம் பொறுத்து, செல்ஃப் எடு. ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் ஓடும். நிறுத்துவதற்குச் சாவி போதாது, ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். என்ன கோளாறு என்பதைக் கண்ணால் பார்க்கலாம், மூக்கால் மோந்து தெரிந்துகொள்ளலாம், விரலால் தொடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற பிஎஸ்-6 வண்டிகளில் புகை குறைந்தது, நல்லதுதான். ஆனால் அவற்றின் நோயை ஸ்கேனர் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. பெங்களூரில் இருக்கிற மகனின் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில் அணைத்துக் கொடுத்தார்கள். ஏன் எரிந்தது என்று கேட்டதற்கு, "ரீசெட் பண்ணிட்டோம் சார்" என்றார்கள். அந்த பில்லின் நகலை அப்பா பத்திரமாக வைத்திருக்கிறார். வீட்டில் பிக்கப்பைப் பற்றி வாக்குவாதம் வந்தால் அதை எடுத்து மேஜை மேல் வைப்பார்.

அது எடுபடாவிட்டால் ஜி.டி.நாயுடு. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டினார் நாயுடு என்பது கோவையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டவர் பிறகு எங்கே போய் நின்றார் என்பதும் தெரியும். "நாயுடுவும் பிரிச்சுத்தான் போட்டார்" என்பார் நம்மவர்.

"அவரு திரும்பப் பூட்டினாருங்க" என்பார் வீட்டம்மா.

அவிநாசி சாலையில் இருக்கிற ஜீ.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி போவார். பேரன் காரைப் பார்ப்பான். தாத்தா குனிந்து காருக்கு அடியில் பார்ப்பார்.

தனியாளாய் எல்லாம் செய்கிறவர் இரண்டாவது ஆளுக்குத் தவிப்பது பிரேக்கில்தான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். லைனில் உள்ள காற்றை வெளியேற்ற ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஒரு சாயங்கால நேரத்தில் தெருவே கேட்ட உரையாடல் இது:

"மிதி."

"மிதிச்சாச்சு."

"புடி."

"புடிச்சுட்டுத்தானுங்க இருக்கேன்."

"விட்டுட்டயா?"

"நீங்க மூடினேன்னு சொல்லவே இல்லைங்களே."

"சொன்னனே!"

"மனசுக்குள்ள சொல்லியிருப்பீங்க."

சுமார் ஒரு மணி நேரம் கழித்து, வீட்டம்மா அடுப்பை அணைக்கப் போன இடைவெளியில் நம்மவர் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். காலி. பின் இடது சக்கரத்துக்கு உள்ளே, டிரம்மின் அடியில், ஆயில் குளம் கட்டி நின்றது. வீல் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கிறது. அது தேவைதான் என்று அவருக்கு மூன்று வாரமாகவே தெரியும். உக்கடத்துப் பழைய சாமான் கடையில் தேடினார், இல்லை. சென்னை புதுப்பேட்டையில் இருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். அது வரும் வரை பழையதையே போட்டுப் பார்ப்போமே என்று பார்த்தார்.

ஹாலோ பிளாக் பற்றி ஒரு வார்த்தை. சுவருக்காகச் செய்த கல் அது, மேலிருந்து சமமாக இறங்குகிற பாரத்தைத்தான் தாங்கும். சேசிஸின் ஒரு முனை மட்டும் ஊன்றினால் முன்னறிவிப்பே இல்லாமல் உதிர்ந்துவிடும். மரக்கட்டை என்றால் நசுங்கும்போது முனகவாவது செய்யும். இதைப் பட்டறைக்காரர் எச்சரித்த மறுநாளே நம்மவர் கட்டைக்கு மாறினார். கல்லைத் தூக்கிப் போட மனமில்லாமல் அதன் மேல் கிளட்ச் பிளேட்டை வைத்திருக்கிறார்.

ஆயுதபூஜையன்று அவர் வீட்டில் முதல் மரியாதை ஓடுகிற காருக்கு அல்ல. பிக்கப்புக்குத்தான் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, முழ நீள மாலை. ஸ்பேனர்கள் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொள்ளும். எலுமிச்சம்பழம் நான்கு வந்தது. அதைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டும், சக்கரமோ திண்ணையில் இருக்கிறது. கடைசியில் பழம் ஊறுகாய்க்குப் போயிற்று.

வண்டியை ரோட்டில் இறக்குவது வேறு காண்டம். சரக்கு வண்டி என்பதால் மஞ்சள் போர்டு, எட்டு வயதைத் தாண்டியதால் ஆண்டுக்கொரு எஃப்.சி. 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் அரசு பல மடங்கு ஏற்றிவிட்டது. மஞ்சள் போர்டைச் சொந்த வண்டியாக மாற்றலாமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் படிவம் எழுதித் தருகிறவரிடம் கேட்டார். அவர் தொகையைச் சொன்னதும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இந்தச் சோர்வில்தான் 2021இல் வந்த பாரம்பரிய வண்டி விதி அவர் கண்ணில் பட்டது: பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 'விஏ' எழுத்தோடு தனி நம்பர். வண்டி பதிவானது 1986இல். 2036 வரைக்கும் பொறுத்தால் போதுமே! ஆனால் அதே விதி, வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது, வியாபாரத்துக்கு ஓட்டக் கூடாது என்கிறது. அன்றிலிருந்து வேலை ஏன் நகரவில்லை என்று யார் கேட்டாலும், "ஒரிஜினாலிட்டி போயிடும்" என்கிறார். பாடியின் துருவைப் பட்டி பார்க்காமல் விட்டதற்கும் இதுவே காரணம்.

செலவுக்கு இரண்டு நோட்டு. ஒன்று வீட்டில் எல்லாரும் பார்ப்பது, இன்னொன்று டூல் பாக்ஸின் அடித்தட்டில். முதல் நோட்டில் ரேடியேட்டர் வேலை 'சில்லறை' என்று இருக்கும். இரண்டாவதில் முழுத் தொகையும் இருக்கிறது. ஆனால் அதையும் அவர் பக்கத்துக்குப் பக்கம் கூட்டுவதில்லை. நாற்பது வருஷம் பிறர் கணக்கில் கால் ரூபாய் பிசகைக் கண்டுபிடித்த மனிதர் இவர்.

இதற்கிடையில் இன்ஜின் ஒருநாள் ஓடிவிட்டது. வெள்ளைப் புகை எதிர்வீட்டு மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தை எட்டியது. தெரு கூடியது, குழந்தைகள் கை தட்டின. ரேடியேட்டர் இன்னும் பூட்டவில்லை என்பதால் அரை நிமிஷத்தில் குமிழை இழுத்துவிட்டார். அன்று சாயங்காலம் முழுவதும் அவருக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை ஹெட்டைக் கழற்றிவிட்டார். சத்தத்தில் ஒரு சின்னத் தட்டல் கேட்டதாம். யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது பார்ட்ஸுக்காக இதே மாடலில் இன்னொரு வண்டி தேவைப்படுகிறது. தாராபுரம் பக்கம் ஒருவரிடம் நிற்பதாகத் தகவல் வந்தது. போன ஞாயிறு பஸ் பிடித்துப் போனார். தார்ப்பாய், மரக்கட்டை, ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் அங்கேயும் இருந்தது. காப்பி வந்தது. எக்ஸ்டிபி 4.90 பற்றி அரை நாள் பேசினார்கள். பேச்சோடு பேச்சாக இவர் விலையை ஆரம்பித்தார்.

"குடுக்கற எண்ணம் இல்லைங்க" என்றார் தாராபுரத்துக்காரர். "நானே உங்க வண்டியைப் பார்ட்ஸுக்குக் கேக்கலாம்னு அடுத்த வாரம் கோயமுத்தூர் வர்றதா இருந்தேன்."

இரண்டு பேரும் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பேசிக்கொள்கிறார்கள். வீல் சிலிண்டர் ரப்பர் தாராபுரத்திலும் கிடைக்கவில்லை.