ரிக் வண்டியிலிருந்து ஓர் அழைப்பு

இருபது ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் நான் மனநல ஆலோசகராக வேலை தொடங்கியபோது, எங்கள் தொழில் என்பது ஓர் அறைதான். எதிரெதிரே இரண்டு நாற்காலி, சாத்திய கதவு. வந்தவரின் கண்ணைப் பார், விரல்கள் என்ன செய்கின்றன பார் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போனில் பேசுவதெல்லாம் ஆலோசனையே அல்ல என்பது மூத்தவர்களின் உறுதியான எண்ணம்.

அந்த அறைக்கு யார் வந்தார்கள்? நாமக்கல் பக்கத்துக் குடும்பத்தினர், மனநோய் தீரும் என்று நம்பி, முதலில் முசிறி வழியாகக் குணசீலம் கோயிலுக்குப் போவார்கள். பிரசன்ன வெங்கடாசலபதி சன்னதியில் 48 நாள் தங்குவார்கள். அங்கே குணமாகாவிட்டால்தான் எங்களிடம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கோயிலுக்குப் போனால் ஊரில் யாரும் கேள்வி கேட்பதில்லை. மனநல மருத்துவமனைப் படியேறினால் வீட்டுப் பெண்ணுக்கு வரன் நின்றுபோகும்.

2010 வாக்கில் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே திரை, சென்னையில் இருக்கும் மருத்துவர் அதில் நோயாளியுடன் பேசுவார், மருந்தும் வண்டியிலேயே கிடைக்கும். எங்கள் வட்டாரத்தில் பலரும், "டிவியில வைத்தியமாங்க?" என்று அதை ஒதுக்கினார்கள். பிறகு 2020 ஊரடங்கு வந்தது. அறை பூட்டப்பட்டது, போன் மட்டும் மிஞ்சியது. எங்கள் துறையின் மனமாற்றம் பெரும்பாலும் விரும்பி வந்ததல்ல.

ஆனால் அப்போதுதான் அறைக்கு ஒருபோதும் வந்திராதவர்களின் குரல் எனக்குக் கேட்டது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் சத்தீஸ்கர் போயிருந்த ஒரு தம்பி, போர் போடும் இடத்திலிருந்து நள்ளிரவில் அழைத்தார். "அக்கா, ஊருக்கு வந்து சொல்ல முடியாதுங்க, எல்லாருக்கும் தெரிஞ்சுரும்" என்றார். மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் கிடப்பவர் வாராவாரம் சேலத்துக்கு எப்படி வருவார்? பள்ளிபாளையத்து அக்கா ஒருவர் தறிக்கூடத்துக்குள் நின்றுதான் பேசுவார். விசைத்தறிச் சத்தத்தில் மாமியாருக்குக் காது கேட்காது. எனக்கும் பாதிதான் கேட்கும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, மெல்ல மெல்லப் புரிந்துகொண்டேன்.

இழப்பும் உண்டு. அறையில் ஒருவர் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் நானும் பேசாமல் இருப்பேன். அதுவே பாதி மருந்து. போனில் அரை நிமிட மௌனத்துக்கே, "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. தூக்கு மாட்டிக்கொள்ளத் துணிந்தவர் அழைக்கும்போது, அவருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் பேசுவது நெஞ்சை அடைக்கும். ஆகவே வீடியோ, போன், செயலி எதுவானாலும் தனிப் பயிற்சி வேண்டும். நல்ல ஆலோசகர் என்பதாலேயே ஒருவர் போனிலும் நல்ல ஆலோசகராகிவிட மாட்டார்.

அரசும் போனுக்கு வந்தது. 2021 செப்டம்பரில், நீட் தேர்வு தொடங்கச் சில மணி நேரத்துக்கு முன் சேலம் மாவட்டத்தில் ஒரு மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் தேர்வெழுதிய மாணவர்களைத் தமிழக அரசே போனில் அழைத்துப் பேச ஏற்பாடு செய்தது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

ஆனால் நாமக்கல்லைச் சுற்றியுள்ள விடுதிப் பள்ளிகளில் தேர்வுக்கு முட்டிமோதும் பிள்ளைகள் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. விடுதிப் போனில் பேசினாலும் வார்டன் பக்கத்திலேயே நிற்பார். யாருக்கு அந்த எண் அதிகம் தேவையோ, அவர்கள் கைக்கு அது எட்டவில்லை. செல்போனைத் தடுப்பதில் நியாயம் இருக்கலாம். தடுங்கள். ஆனால் தாளாளர்களே, ஒவ்வொரு விடுதியிலும் கதவு சாத்திப் பேசக்கூடிய ஒரு மூலையில் ஒரு போன் வையுங்கள். பக்கத்தில் 14416 என்று எழுதி ஒட்டுங்கள். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.