கிடைநாயும் வண்டி வழக்கும்

நாயைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போய்க் கூடாரமடித்துத் தங்குவது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்றொரு கருத்து நிலவுகிறது. அதை இக்கட்டுரை மறுக்கிறது. மறுப்புக்கான சான்றுகள் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், கல்லணைக் கால்வாயின் கிளைவாய்க்கால் ஒன்றின் தென்கரையில், தாளடி அறுத்த வயலில் படுத்துக் கிடந்தன. அவற்றுக்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு. ஆய்வாளனாகிய நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அடியேனுக்கு முழங்கால் வலி.

எந்த ஆய்வும் பெயராய்விலிருந்து தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போட மாட்டார். நாய்க்கு ஞமலி என்றும் பெயருண்டு. இது பூழி நாட்டார் வழங்கிய திசைச்சொல் என்று தொல்காப்பிய உரைகாரர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். சொல்லே ஒரு திசையிலிருந்து கிளம்பி இன்னொரு திசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால், சொல்லுக்குரிய பொருள் திண்ணையிலேயா படுத்திருக்கும்? ஆக, பயணம் நாயின் பெயரிலேயே இருக்கிறது. இந்த வாதத்தில் ஓட்டை உண்டு என்பது எனக்குத் தெரியும். பேராசிரியருக்குத் தெரியாது.

தொல்காப்பியத்தின் மரபியலில் இதைவிட முக்கியமான செய்தி ஒன்றிருக்கிறது. நாய், பன்றி, புலி, முயல் இவற்றின் குட்டிக்குக் குருளை என்பது பெயர். பிள்ளை என்றும் சொல்லலாம். ஆனால் நாய்க்கு மட்டும் அது ஆகாது. பன்றிக்குக் கொடுத்த சலுகையை நாய்க்குத் தொல்காப்பியர் ஏன் மறுத்தார் என்று நெடுநாள் குழம்பியிருந்தேன். பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகன் தன் லேப்ரடாரை "என் பையன்" என்று அறிமுகப்படுத்தியபோதுதான் தொல்காப்பியரின் தொலைநோக்கு விளங்கியது. அந்தப் பையனின் கதை பின்னால் வரும்.

இனி களம். டெல்டாவில் சம்பாவும் தாளடியும் அறுத்து, உளுந்து தெளிக்காத வயல் தரிசாகக் கிடக்கும் மாதங்களில் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து செம்மறி மந்தைகள் வரும். மந்தைக்குத் தலைவர் கீதாரி. பகலெல்லாம் தாளும் அறுகும் மேய்ந்துவிட்டு, ராத்திரி வயல்காரர் காட்டும் இடத்தில் ஆடுகள் அடையும். அதுதான் கிடை. ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேச்சு; முன்பு நெல்லாக அளந்தார்கள், இப்போது ரூபாயாக எண்ணுகிறார்கள். ஆடு விடிவதற்குள் வயலுக்குப் புழுக்கையும் மூத்திரமும் கொடுத்துவிடும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பது எங்கள் பக்கத்து வேளாண் அறிவியல். மறுநாள் கிடையைப் பக்கத்துத் துண்டுக்கு மாற்றுவார்கள். அடுத்த நாள் அதற்கும் பக்கத்தில். இப்படியே வயல் முழுக்க ஒரு பூச்சுப் பூசி முடித்ததும் அடுத்த வயல், அடுத்த ஊர். உளுந்து முளைத்த வயலில் மந்தை கால் வைத்தால் மட்டும் பஞ்சாயத்து.

இந்த ஏற்பாட்டில் நாயின் பங்கை வேளாண் நூல்கள் பேசுவதில்லை. மடக்கி ஓட்டுவது மனிதர்கள் வேலை. நாய் செய்வது காவல். நரிக்காக வைத்த காவல்தான். நரி அருகிவிட்டதால் இப்போது பைக்கில் வரும் ஆடு திருடர்களைப் பார்த்துக்கொள்கிறது. இதில் அதன் குலப்பெருமை சாதாரணமானதல்ல. செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்றிருக்கிறது. மாட்டு மந்தைக்காகச் செத்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் கல்வெட்டில் பெயர் வாங்கிய எத்தனை மனிதர்களை நமக்குத் தெரியும்?

பெயர் என்றதும் களப்பணிக் குறிப்பேட்டிலிருந்து ஒரு பகுதி.

"எத்தனை நாய் வச்சிருக்கீங்க, கீதாரி?"

"நாம எங்கய்யா வச்சிருக்கோம்? அதுக வந்து இருக்குதுக."

"ஊர்லேருந்து கூட்டியாந்ததா?"

"கருப்பன் நம்ம பரமக்குடிப் பக்கம். செவலை வழியில சேந்துச்சு, அறந்தாங்கி தாண்டி."

"பேரு?"

"மணி."

"செவலைக்கு?"

"அதுவும் மணிதான். கூப்பிட்டா ரெண்டும் வரட்டுமேன்னுதான்."

கோவிவனுக்குப் பிறகு பெயரிடு கலையில் நாம் பின்னடைந்துவிட்டோம் என்று குறித்துக்கொண்டு, மாதிரிகளை மணி–1, மணி–2 என்று பதிவுசெய்தேன். இரண்டுமே எந்த இனப்பட்டியலிலும் வராதவை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நாய்த் தபால்தலைகள் வெளியிட்டபோது ராஜபாளையம் ஏறியது, முதோள் ஏறியது, ராம்பூர் ஏறியது, இமயமலை ஆட்டுநாய்கூட ஏறியது. செம்மறியோடு நடந்தே தஞ்சாவூர் வரும் நாய்க்கு இடமில்லை. அதுவும் கேட்கவில்லை.

மணி–1 படுக்கும் முறையைப் பதினோரு மாலைகள் கவனித்தேன். கிடை வலை கட்டி முடியும்வரை அது உட்காராது. ஆடுகள் அடங்கியதும் வலையை ஒட்டி ஒரு சுற்று நடக்கும். காற்று வரும் பக்கத்தில் நிற்கும். மூக்கை உயர்த்தி எதையோ கணக்குப் பார்க்கும். பிறகு முன்னங்கால்களால் மண்ணைப் பறிக்கும். பங்குனி வெயிலில் வெடித்த களிமண் அது. மேலே கட்டி, ஒரு சாண் கீழே போனால் குளுமை. அந்தக் குளுமை வரும்வரை பறித்து, மூன்று சுற்றுச் சுற்றி, வயிறு குளிர்ச்சியில் படும்படி சுருண்டு, மூக்கை வாலுக்குள் சொருகும். ஒரு காது மட்டும் வெளியே நிற்கும். மறுநாள் கிடை பதினாலு தப்படி நகர்ந்தால் குழியும் பதினாலு தப்படி நகரும். பழைய குழியை அது திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. கூடாரம், கட்டில், கொசுவலை, ஐஸ்பெட்டி எல்லாம் சேர்ந்து செய்யும் வேலையை அந்த ஒரு குழி செய்கிறது.

கருதுகோளுக்கு வருகிறேன். நாயும் மனிதனும் சேர்ந்து நடக்கும்வரை பயணத்தில் பிரச்சினை எழுவதில்லை. வண்டி வந்தால் வழக்கு வரும். இதை வண்டி வழக்கு விதி என்று அழைக்கிறேன்.

சான்று ஒன்று, பாரதம். மகாபிரஸ்தானத்தில் பாண்டவர்கள் நடக்கிறார்கள், பின்னால் ஒரு நாயும் நடக்கிறது. ஒருவர் பின் ஒருவராக விழுந்து கடைசியில் தருமரும் நாயும் மிச்சம். அதுவரை யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இந்திரன் தேரோடு வந்து நின்றதும்தான் நாய்க்கு இடமில்லை என்ற பேச்சே எழுகிறது. தருமர் தேரை வேண்டாம் என்றார். நாய் தருமதேவனாக மாறியதால் வழக்குச் சமாதானத்தில் முடிந்தது. எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை. 1957 நவம்பர் 3 அன்று மாஸ்கோ தெருநாயான லைக்காவை ஸ்புட்னிக்–2இல் ஏற்றி அனுப்பினார்கள். சூடு தாங்காமல் சில மணி நேரத்திலேயே செத்துப்போயிற்று. அந்த வண்டிக்குத் திரும்பி வரும் ஏற்பாடே கிடையாது. இதை இதற்குமேல் வேடிக்கையாக எழுத எனக்குக் கை வரவில்லை.

நம் ரயில்வேயும் இதே வழக்கில்தான் சிக்கியிருக்கிறது. நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டுமானால் முதல் வகுப்பு ஏ.சி.யில் ஒரு கூப்பே முழுதையும் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் நாய்க்கூண்டு. நாய் மகாராஜா, இல்லையேல் பார்சல். நடுவில் ஸ்லீப்பர் வகுப்பு நாய் என்றொரு பிறவியை ரயில்வே ஏற்பதில்லை.

எதிர்ச்சான்றாக ஜான் ஸ்டீன்பெக்கைக் காட்டுவார்கள். 1960இல் லாரியின் முதுகில் ஒரு குட்டி வீட்டைக் கட்டிக்கொண்டு, சார்லி என்ற பூடில் நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். 1962இல் புத்தகம் வந்தது. அதே வருஷம் நோபல் பரிசு. அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயர் ரோசினான்டே. டான் கிஹோத்தே ஏறிய நோஞ்சான் குதிரையின் பெயர். வண்டியை வண்டி என்றால் வழக்கு வருமென்று பயந்து குதிரையாக்கிக்கொண்டார் என்பது என் துணிபு. ஆகவே எதிர்ச்சான்றும் நம் பக்கமே.

டெல்டாவின் சிவன் கோயில்கள் இதற்கு வேறொரு தீர்வு கண்டிருக்கின்றன. பைரவரைப் பாருங்கள். பின்னால் நாய் குறுக்காக நிற்கும், அதுதான் வாகனம். ஆனால் அவர் ஏறுவதில்லை. நந்தி மேலும் மயில் மேலும் ஏறிப் போகிற சாமிகளுக்கு நடுவில் இவர் மட்டும் வாகனத்தைப் பின்னால் நிறுத்திக்கொண்டு நிற்கிறார். நாயையே வண்டியாக்கி, அந்த வண்டியிலும் ஏறாமல் விட்டால் வழக்குக்கு வழியேது? அர்த்தசாமம் முடிந்து கோயிலைப் பூட்டினால் சாவியை அவர் காலடியில் வைக்கிற வழக்கமும் இருக்கிறது. கிடைக்காவல் மாதிரிதான்.

விதியைக் களத்தில் சோதிக்கச் சித்திரையில் இரண்டு வாய்ப்புகள் கிடைத்தன.

முதலாவது, கிடை ஊர் மாறிய நாள். முன்பெல்லாம் சாமான்கள் தலையிலும் மாட்டுவண்டியிலும் போகும். இப்போது குட்டி யானை என்கிற சரக்கு வண்டி வருகிறது. ஓலைக் கூடாப்பு, வலை, கம்பு, சட்டிபானை, நடக்கமாட்டாத இளங்குட்டிகள், ஒரு கோழி, செல்போன் சார்ஜ் போடும் சோலார் பலகை என்று பின்பக்கம் நிறைந்துவிட்டது. மணி–1க்கு வயதாகிவிட்டது, முன்காலில் முள் வேறு. ஏற்றிவிடலாம் என்று கீதாரியின் மகன் தூக்கி வைத்தான். அது நான்கு காலையும் பரத்திக்கொண்டு ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் நின்று, பாப்பாநாட்டு ரோட்டில் முதல் வேகத்தடை வருமுன்பே காலையில் குடித்த கஞ்சியைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டாவது வேகத்தடையில் வண்டி தயங்கியபோது குதித்து, மூன்று காலில் நொண்டிக்கொண்டு மந்தையின் வாலைப் பிடித்துவிட்டது. விதி உறுதிப்பட்டது.

இரண்டாவது வாய்ப்புக்கு என் அக்கா மகனுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். "மாமா, ரெண்டு நாள் உங்க வயல்ல கேம்ப் போடுறோம், புரூனோவும் வர்றான்" என்று பெங்களூரிலிருந்து போன் வந்தது. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற சக்கர வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை, ஏ.சி. எல்லாம் உண்டு. 1934இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாயை எங்கள் ஊரில் இன்னும் புது ஆறு என்றுதான் சொல்வோம். தொண்ணூறு வயதானாலும் புதுசு. அதன் கிளைவாய்க்கால் மதகுப்பாலம் மாட்டுவண்டிக்கு அளவெடுத்துக் கட்டியது. கார் கடந்துவிட்டது. வீடு பாலத்தின் இரு கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் கச்சிதமாகச் செருகிக்கொண்டது. டிராக்டர் வைத்துப் பின்னால் இழுக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. அதற்குள் அறுபது எழுபது பேர் கூடி, நாயைப் பார்த்தார்கள், வீட்டைப் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள்.

களத்துமேட்டில் வீட்டை நிறுத்தியாயிற்று. புரூனோவுக்கு மெத்தை, கேன் தண்ணீர், மடிக்கிற கிண்ணம், உண்ணி மருந்து, மழைக்கோட்டு (சித்திரையில்), தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் இறங்கின. மணிகளின் உடைமை அடி நெளிந்த அலுமினியச் சட்டி ஒன்று, அதுவும் கீதாரியுடையது. ஏ.சி.க்கு என் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்தான். பயிருக்கென்று தரும் இலவச மின்சாரம் ஓர் இரவு லேப்ரடாருக்குப் பாய்ந்தது. மின்வாரியத்தார் இந்த வாக்கியத்தைத் தாண்டிப் போகவும்.

சாயங்காலம் புரூனோவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பக்கத்து வயலில் அடைந்திருந்த கிடையைக் காட்டப் போனோம். கீதாரி ஆளையும் கயிற்றையும் நாயையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏன்யா கழுத்துல கயிறு? அவுத்துவிட்டா மேயப் போயிருமா?"

மருமகன் பதில் சொல்லவில்லை. "பையன் ரொம்ப சென்சிட்டிவ்" என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

இரவு பத்து மணிக்கு மும்முனை மின்சாரம் போய்விட்டது. சக்கர வீடு அடுப்பாயிற்று. புரூனோ அழ ஆரம்பித்தது, மருமகனும் கிட்டத்தட்ட. கதவைத் திறந்துவிட்டுப் படுத்தார்கள். விடிகாலை நாலரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் மெத்தை காலி. கூச்சல், ஓட்டம். கிடையின் காற்றுப் பக்கம் மணி–1 ஒரு காதை நிறுத்திப் படுத்திருந்தது. பதினாலு தப்படி தள்ளி, முந்தின நாள் அது பறித்துவிட்டுப் போன குழியில் புரூனோ கிடந்தது. குழி அதற்குப் பத்தவில்லை, பின்னங்கால்கள் வெளியே. வயிறு குளிர்ச்சியில் பட்டிருந்தது. காலையில் வண்டியில் ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டோம்.

இன்னும் ஒரு பருவம் தரவு சேகரித்தால் விதியைக் கோட்பாடாக உயர்த்தலாம் என்றிருந்தேன். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள். புது ஆற்றில் தண்ணீர் வருமுன்பே கீதாரி தெற்கே திரும்பிவிட்டார், மாதிரிகள் இரண்டும் பின்னாலேயே நடந்துவிட்டன. நாற்றங்காலுக்கு மடை திறந்த அன்று வரப்பில் நின்று பார்த்தேன். தண்ணீர் வயலில் பரவுமுன் முதலில் நிரம்பியவை மணி–1 பறித்த குழிகள்தான். வரிசையாகப் பதினாலு தப்படிக்கு ஒன்று. எண்ணினேன், பதினொன்று இருக்க வேண்டும், பன்னிரண்டு இருந்தன. பன்னிரண்டாவதில் ஏற்கெனவே ஒரு தவளை குடியேறியிருந்தது.