பூஸ்டர் ஏறாத பங்குனி

2001-இல் எங்கள் குப்பத்துக் கோயில் ஆம்ப்ளிஃபையரின் முதுகில் நான்கு துளைகள் இருந்தன. மூன்று மைக்குக்கு: சாமியாருக்கு ஒன்று, வாசகம் வாசிப்பவருக்கு ஒன்று, பாடகர் குழுவுக்கு ஒன்று. நாலாவதன் மேல் ‘ஆக்ஸ்’ என்று எழுதியிருக்கும்; டேப் ரிக்கார்டர் சொருகுவதற்காக வைத்தது. மைக் துளை முணுமுணுப்பைக்கூடக் கேட்டுக்கொள்ளும். ஆக்ஸுக்குக் காது மந்தம். என் கிதாருக்கு மிச்சமிருந்தது அதுதான்.

கிதாரின் வட்ட ஓட்டையில் மாட்டிய பிக்கப் தருவதெல்லாம் மில்லிவோல்ட் கணக்கு. கீபோர்டு பையன் சுண்டுவிரலை வைத்தால் போதும், நான் ஆறு கம்பியையும் அறுந்துபோக அடித்தாலும் யாருக்கும் கேட்காது. தவக்காலத்தில் பரவாயில்லை, அப்போது கருவிகளே அடக்கம்தான். பாஸ்கா இரவில் வானவர் கீதம் எழும்போதுதான் மணிகளோடு எல்லாம் சேர்ந்து முழங்கும். அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 15. அதற்குள் ஒரு பூஸ்டர் வேண்டும்.

பழவேற்காட்டில் அப்போது ரேடியோ அண்ணன் ஒருவர் இருந்தார். பஜாரில் சின்னக் கடை. ரேடியோ, டேப், படகு பேட்டரி, கரண்டு ஓடுகிற எதையும் திறந்து பார்ப்பார். திறந்தவற்றில் பாதியாவது மூடும்போது வேலை செய்யும். பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து லோக்கல் ரயில், சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெரு என்று போய், ஜெராக்ஸ் எடுத்த ஒரு பக்கமும் ஒரு கைப்பிடி உதிரிச் சாமானும் வாங்கி வந்து அவர் முன்னால் கொட்டினேன்.

அந்தப் பக்கத்தில் இருந்தது ‘எல்பிபி-1’ என்கிற லீனியர் பவர் பூஸ்டர். நியூயார்க்கில் மைக் மேத்யூஸின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனிக்காக 1960-களின் கடைசியில் ராபர்ட் மையர் என்ற பொறியாளர் வேறொரு கருவியைச் செய்துகொண்டிருந்தபோது, அதற்கு முன்னால் துணைக்கு வைத்த பெட்டி. துணைக்கு வந்ததுதான் உலகம் சுற்றியது. உள்ளே ஒரே ஒரு டிரான்சிஸ்டர். கலெக்டரில் 10 கிலோ ஓம், எமிட்டரில் 390 ஓம். அதை இதால் வகுத்தால் வருகிற சுமார் 25 மடங்குதான் அதன் மொத்த மந்திரம்.

பிஸ்கட் டப்பாவுக்குள் அண்ணன் பற்றவைத்துக் கொடுத்தார். 9 வோல்ட் பேட்டரி மாட்டி மிதித்தோம். சத்தம் வந்தது, பெரிதாகவில்லை. கொஞ்சம் கரகரப்பு மட்டும் கூடியிருந்தது.

பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையிலேயே ஜனநாயகம் அதிகம் நடமாடிய காலம். ஏரியில் இறால் பிடிக்க எங்கள் பக்கம் பாடு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் மூன்றுக்கும் இன்ன நாள் இன்ன இடம் என்று முறை வைத்து வலை போடுவார்கள். அன்றைக்குப் பாடு இல்லாதவர்கள் எல்லாம் அண்ணன் கடை பெஞ்சில். பேட்டரி டவுன் என்றார் ஒருவர், புதுசு போட்டோம். உப்புக் காத்துல ஜாக் களிம்பு பிடிச்சிருக்கும் என்றார் இன்னொருவர்; பெட்ரோல் விட்டுத் துடைத்தோம். 390 ஓமுக்குப் பதிலாக 390 கிலோ ஓம் விழுந்துவிட்டதோ என்று அண்ணனே சந்தேகப்பட்டு வெயிலில் பிடித்து வளையங்களைப் பார்த்தார். ஆரஞ்சு, வெள்ளை, பிரவுன். சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 28 அன்று கூட்டம் இன்னும் பெருகியது. எங்கள் ஊருக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ஜிஎஸ்எல்வி கிளம்புவதாக இருந்தது. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் கடல் தொழில்காரர்களும் கரையில்தான். வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒன்றும் ஏறவில்லை. சாயங்காலச் செய்தியில் காரணம் சொன்னார்கள்: பக்கவாட்டில் கட்டிய நான்கு பூஸ்டர்களில் ஒன்று வேண்டிய உந்துவிசை தரவில்லையாம், கிளம்ப ஒரு விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டரே நிறுத்திவிட்டதாம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. நடுவில் இருப்பது திட எரிபொருள், பற்றவைத்தால் அணைக்க முடியாது. அதனால் பக்கத்துப் பூஸ்டர்களைச் சில விநாடி முன்னாலேயே எரியவிட்டு, எல்லாம் ஒழுங்கா என்று பார்த்த பிறகுதான் நடுவில் தீ வைப்பார்கள்.

“அவங்களுக்கும் பூஸ்டர் ஏறலயாமே” என்று பெஞ்சில் ஒரு பெரியப்பா சொன்னதில் அண்ணனுக்கு அளவுகடந்த ஆறுதல். மறுநாள் மீட்டரை எடுத்து ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

கலெக்டரில் 9 வோல்ட்டில் பாதிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே நிற்க வேண்டும். முள் கிட்டத்தட்ட ஒன்பதிலேயே நின்றது. “டிரான்சிஸ்டர் தூங்குதுடா தம்பி” என்றார். டேட்டா புக்கைப் புரட்டியதும் விஷயம் வெளிவந்தது. ஜெராக்ஸில் போட்டிருந்தது 2என்3904. கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று கொடுத்ததோ பிசி547. தட்டை முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்த்தால் அதற்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். இதற்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். நடுக்கால் இரண்டிலும் ஒன்றே என்பதால் புகையும் வராது, பொறியும் பறக்காது. தலைகீழாக நின்று அரைகுறையாக வேலை செய்துகொண்டே இருக்கும். அடியோடு செத்துப்போனால் உடனே கண்டுபிடித்துவிடலாம். அரைகுறைதான் ஆளைக் கொல்லும். ஈயத்தை உருக்கி, திருப்பி வைத்து, மறுபடி பற்றவைத்தார். முள் நாலு வோல்ட்டுக்கு வந்தது. நான் ஒரு கம்பியைச் சுண்டியதில் மீன் கூடைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாஸ்கா இரவில் கிதார் அனைவருக்கும் கேட்டது. வானவர் கீதத்தின் இரண்டாவது வரிக்குள் கோயில் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து ஆக்ஸ் குமிழைப் பாதிக்குக் குறைத்துவிட்டுப் போனார். ஜிஎஸ்எல்வி ஏப்ரல் 18-இல் கிளம்பியது. எங்களுக்கு மூன்று நாள் பின்னால் என்று அண்ணன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுவும் மேலே போய்க் கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் வேகம் குறைய, ஜிசாட்-1 போய்ச் சேர வேண்டிய பாதையைச் சேரவில்லை. பூஸ்டர்கள்மேல் இந்தத் தடவை குற்றமில்லை.

இப்போது முகத்துவாரம் மணல் மூடி மூடித் திறக்கிறது, இறாலைவிட ராக்கெட் பார்க்க வருகிறவர்கள் அதிகம். 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 கிளம்பியபோது பக்கத்துக்கு ஒன்றாகச் சுமார் 200 டன் எரிபொருளோடு இரண்டு பூஸ்டர்கள். கரையில் அதைவிட அதிக எடைக்குச் செல்போன்கள். அண்ணன் கடையில் ரீசார்ஜும் போன் கவரும் விற்கிறார்.

அக்கா மகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்டிராக்ட் வேலை, லீவு நாளில் கல்யாணக் கச்சேரி. அவனும் எல்பிபி-1 கட்டினான். போர்டு, மின்தடை, அலுமினியப் பெட்டி எல்லாம் பொட்டலமாக வீட்டு வாசலுக்கே வந்தன. டிரான்சிஸ்டரைச் சொருகினால் எந்தக் கால் எது என்று படம் போட்டுக் காட்டும் தீப்பெட்டி அளவு டெஸ்டர் வேறு. நாங்கள் பங்குனி முழுக்கத் தேடியதை அது இரண்டு நொடியில் சொல்லிவிடுகிறது. கலெக்டரில் நாலு வோல்ட். பற்றவைப்பில் ஒரு குறை கிடையாது.

மிதித்தான். சத்தம் பெரிதாகவில்லை.

“எல்லாம் கரெக்டா இருக்கு மாமா, ஆனா ஏறல” என்றான். பேட்டரி மாற்றலாமா என்று கேட்டேன்; அடாப்டர் என்று சொல்லி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். கடைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். பெஞ்சில் யாரும் இல்லை. அண்ணன் மூடியைத் திறக்கவே இல்லை.

“இதுக்கு அப்புறம் என்ன வெச்சிருக்க?”

“டிஸ்டார்ஷன். அதுக்கப்புறம் ஆம்ப்.”

“ஆம்ப்ல செகப்பு லைட் எரியுதா?”

“அது எப்பவுமே எரியும்ணே.”

“அப்ப எங்கடா ஏறும்?”

டிஸ்டார்ஷன் பெட்டி அலையின் தலையை ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் எவ்வளவு ஊட்டினாலும் கரகரப்பு கூடுமே தவிர உயரம் கூடாது. ஆம்ப்பும் முட்டிக்கொண்டு நிற்கிறது. பூஸ்டரைப் பின்னால் மாற்று, ஆம்ப்பைக் குறை என்றார். குறைக்கச் சொன்னதுதான் மருமகனுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் அடுத்த கச்சேரியில் மாற்றிப் பார்த்தான். முதல் பாட்டில் மிதித்ததும் கிதார் எல்லாரையும் தாண்டி எழுந்தது. இரண்டாவது பாட்டுக்குள் கீபோர்டு ஏறியது, பேஸ் ஏறியது, பாடகர் மைக்கை ஏற்றச் சொல்லிக் கை காட்டினார். சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. இடைவேளையில் மருமகன் போனில் இதைவிடப் பெரிய ஆம்ப்பின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.