மாப்ளயும் இருபத்தொரு கியரும்

வா மாப்ள. எறங்கு. முடியலையா? அந்த வேப்பமரத்தப் பிடிச்சுக்கிட்டுப் பைய காலை எடு. கோச்சடையில கிளம்பி நம்ம கொடிமங்கலம் வாறதுக்குள்ள இந்தக் கதின்னா, நீ சொல்லிக்கிட்டுத் திரியிற சோழவந்தான் பயணம் எந்த ஜென்மத்துலன்னு தெரியல. ஆனா உடுப்பு பிரமாதம். மந்தையில உக்காந்திருந்த பெருசுக எல்லாம் சர்க்கஸ் வந்திருக்குன்னு எந்திரிச்சு நின்னுட்டாங்ய.

காலேஜு படிக்கையில எப்பேர்ப்பட்ட ஓட்டு ஓட்டுனவன் நீ! முன்பாருல ஒருத்தன், கேரியர்ல ஒருத்தன்னு ஏத்திக்கிட்டு ஏ.வி. பாலத்துல கையை விட்டுட்டுப் போனவன். போலீஸ்காரர் விசில் அடிச்சா மூணு பேரும் மூணு சந்துக்குள்ள. பெறகு வேலை, கல்யாணம், காரு. நீ சைக்கிளை மறக்கப் பிள்ளையார்சுழி போட்டது எங்க மச்சான், அதான் உங்கப்பன். 1980ல டிவிஎஸ் 50 வந்துச்சுல்ல? செஞ்சது ஓசூர்லதான், ஆனாலும் டிவிஎஸ்னா நம்ம மதுரைக்காரவுக ஆச்சேங்கிற பாசம். மனுசன் ஒண்ணை வாங்கி நிறுத்துனாரு, சைக்கிள் தொழுவத்துக்குப் போயிருச்சு. கோழி அடைஞ்சது.

இப்ப அம்புட்டு வருசம் கழிச்சு டாக்டர் கொழுப்பு ஏறிருச்சுன்னு சொன்னதும், மாசச் சம்பளத்தைக் கொட்டி இருபத்தொரு கியர் வண்டி. சைக்கிள் ஒருதரம் படிச்சா மறக்காதுன்னு எவனோ சொன்னான்னு ஏறிட்ட. அது நெசந்தான், பேலன்ஸ் மூளையில எங்கிட்டாச்சும் பத்திரமாக் கெடக்கும். ஆனா குண்டிக்கு ஞாபகசக்தி கெடையாது மாப்ள. மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் கெடையாது. அதுகளுக்கு இன்னைக்குத்தான் ஒண்ணாங் கிளாஸ்.

முதல்ல இந்தச் சீட்டைப் பாரு. எதுக்கு இம்புட்டுத் தாழ்வா வச்சிருக்க? ரெண்டு காலும் தரையில பாவணும்னுதானே? திரும்ப ஏறுற அம்புட்டுப் பேரும் இதைத்தான் செய்வீக. விழுந்துருவோங்கிற பயம், அதை வெளிய சொல்லக் கூச்சம். குத்தவச்சுக் களை பறிக்கிற மாதிரி முட்டியை மடக்கி மடக்கி மிதிச்சா முட்டி வலிக்காம என்ன செய்யும்? குதிகாலைப் பெடல்ல வையி. பெடல் அடியில நிக்கையில கால் நேரா நீளணும். அதுதான் உன் உசரம். பெறகு முன்பாதத்துல மிதிச்சா முட்டியில லேசா ஒரு மடக்கு தானா வந்துரும். இடுப்பு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுச்சுன்னா ஒரு விரக்கடை எறக்கு. நிறுத்தணும்னா சீட்டுலருந்து முன்னால எறங்கிக் காலை ஊனு. சீட்டுலயே உக்காந்துக்கிட்டுச் சிக்னல்ல நிக்க அது என்ன சாய்வு நாற்காலியா?

இது என்ன, சீட்டு மேல மெத்தை? ஆத்தாடி! எங்க காலத்து வண்டியில அகலச் சீட்டும் அடியில ஸ்ப்ரிங்கும் இருந்துச்சுன்னா, அதுக்கு ஞாயம் இருந்துச்சு. ஹேண்டில் உசரம், நாம நிமிந்து உக்காருவோம், ஒடம்புப் பாரம் மொத்தமும் சீட்டுல விழும். உன் வண்டியில முன்னால குனியணும். பாரத்துல ஒரு பங்கு கைக்குப் போயிரும், தொடைக்கு நடுவுல எடம் வேணும், அதான் சீட்டு ஒடுக்கமா இருக்கு. நாம உக்காருறது ரெண்டே ரெண்டு எலும்பு மேல. மெத்தையப் போட்டா எலும்பு அமுங்கி உள்ள போயிரும், சுத்தியிருக்கிற சதை நசுங்கும். மெத்தையும் நகந்து நகந்து தொடையை உரிச்சு எடுத்துரும். கழட்டிப் போடு. சீட்டு மட்டமா இருக்கட்டும், மூக்கு மேல பாத்தா வேண்டாத எடமெல்லாம் மரத்துப் போகும். வெளக்கிச் சொல்லமாட்டேன், உங்கத்தை அடுப்படியில நிக்குறா.

ஹேண்டிலையும் கொஞ்சம் தூக்கி வையி. உள்ளங்கை மரக்குதுன்னியே, முழங்கையை விறைச்சுப் பிடிச்சா ரோட்டுல இருக்கிற குழியெல்லாம் தோள்பட்டைக்கு வந்து சேரும். முழங்கை தளர்வா இருக்கணும். நம்ம மேலக்கால் ரோட்டு வேகத்தடைக்கு மட்டும் ஒரு தனிப் பாடம்: முன்கூட்டியே எந்திரிச்சுப் பெடல் மேல நில்லு. கார்ல உக்காந்து உக்காந்து, தடை வந்தா இன்னும் அழுத்தி உக்காருற புத்தி வந்திருக்கு உனக்கு.

அந்தப் பஞ்சு வச்ச டவுசரக் கேலி பண்ண ஆசைதான். ஆனா பொய் சொல்லப்படாது, அதுல ஞாயம் இருக்கு. மெத்தை சீட்டோட நகராம ஒடம்போட ஒட்டியிருக்குல்ல. என்ன ஒண்ணு, உள்ள ஜட்டி போடாம போடணுமாம், தையல் உறுத்தும்னு. அப்பிடிப் போட்டுட்டு டீக்கடையில நிக்கிறது உன் தைரியம்.

தைரியம்னதும் ஒண்ணு. 1991, 92ல புதுக்கோட்டையில நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கியா? நம்ம நாகமலைப் புதுக்கோட்டை இல்லடா, மாவட்டம். ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டரா இருந்தப்ப, அறிவொளி இயக்கத்துல எழுத்தோட சைக்கிளும் சேத்துச் சொல்லிக் குடுத்தாக. களத்து வேலைக்கும் கல் குவாரிக்கும் போன பொம்பளைக ஒரு லட்சம் பேருக்கு மேல சைக்கிள் படிச்சாகன்னு எழுதியிருக்காக. லேடீஸ் சைக்கிள் பத்தாம ஆம்பளை சைக்கிளயும் வாங்குனாக. பாரு இருந்தா பிள்ளையை முன்னால உக்கார வைக்கலாம்ல, அது அவுகளுக்குச் சவுகரியமாப் போச்சு. பின்னால தண்ணிக் கொடம், சேலைக்கட்டு. ஒருத்திக்கும் பஞ்சு டவுசர் இல்ல. அந்தப் பொம்பளைக விழுந்தா சிரிச்சுக்கிட்டு எந்திரிச்சுருப்பாக. நீ விழுந்தா முதல்ல யாராச்சும் பாத்தாங்யளான்னு திரும்பிப் பாப்ப. ஒடம்பு வலியில பாதி அந்தக் கௌரவத்துல வாறதுதான்.

அதே கௌரவந்தான் கியர்லயும். கனத்த கியர்ல போட்டு மூச்சைப் பிடிச்சு மிதிச்சுக்கிட்டு வந்தியே, பக்கத்துல பால்க்காரர் பழைய வண்டியில கேனோட உன்னைத் தாண்டிப் போனாரு. லேசான கியர்ல போட்டு வெரசாச் சுத்து. நிமிசத்துக்கு எழுவது, எம்பது சுத்து வந்தா முட்டிக்கு நல்லது, மூச்சு வாங்கும், வாங்கட்டும். இருபத்தொரு கியருக்குக் காசு குடுத்துட்டு ஒண்ணுலயே ஓட்டுற ஆளை நான் பாத்ததில்ல.

டயரை ஏன் கல்லாட்டம் அடிச்சு வச்சிருக்க? டயர் ஓரத்துல எழுதியிருக்கிறது மேல் எல்லை, அங்க போயே தீரணும்னு இல்ல. காத்து டயரு வந்ததே சொகுசுக்குத்தான். 1888ல பெல்ஃபாஸ்ட்ல டன்லப்னு ஒரு மாட்டு வைத்தியர். அவரு மகன் மூணு சக்கர வண்டி ஓட்டிக் குலுங்குறான்னு ரப்பர்க் குழாய்ல காத்தடிச்சு மாட்டி விட்டாரு. மாட்டு வைத்தியம் பாத்த மனுசன் பிள்ளை வலி தெரிஞ்சு செஞ்சதை, நீ பம்பு வச்சிருக்கங்கிறதுக்காகக் கெடுக்காத.

சித்திரை வெயில்ல ஏழரை மணிக்குக் கிளம்புறதெல்லாம் கிறுக்குத்தனம். வெள்ளன எந்திரி. ஆடி மாசம்னா மேகாத்து பாத்துக்க. கம்பம், தேனிப் பக்கமிருந்து கெளம்பி வந்து மூஞ்சியில அறையும். அதனால போறப்ப மேற்க போ, வாறப்ப காத்தே உன்னை வீட்டுல கொண்டாந்து விடும். மாத்திப் போனியன்னா திரும்பி வர ஷேர் ஆட்டோதான். துவரிமான்ல நாய் துரத்துச்சுன்னு சொன்னியே, நீ வேகம் எடுத்த, அது துரத்துச்சு. எறங்கி நின்னு சைக்கிளை நடுவுல வச்சுக்க. பெரும்பாலும் அதுக்கு அலுத்துப் போயிரும்.

ஒரேடியா சோழவந்தான்னு அலையாத. ஒரு வாரம் துவரிமான் கம்மாய்க்கரை. வலி இல்லைன்னா எங்க வீடு. எங்க வீட்டுக்கு வந்தும் சிரிச்சுக்கிட்டு எறங்குனியன்னா அப்புறம் சோழவந்தான் வெத்தலைக் கொடிக்கால் பாக்கப் போகலாம். அந்த வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்திருக்காக, தேடிப் போறவனுக்கும் ஒரு மரியாதை. ஆனா போற வழியில பருத்திப்பால், வந்த களைப்புக்கு பரோட்டா சால்னான்னு உக்காந்தியன்னா, டாக்டரு என்னையத்தான் திட்டுவாரு.

அப்புறம் மாப்ள, வண்டியில கேரியரே இல்லையே? இப்பிடி ஒரு வண்டியை எவன் வாங்கச் சொன்னது? அடுத்த வாரம் வாறப்ப ஒரு கேரியரை மாட்டிட்டு வா. தோட்டத்துல ரெண்டு தார் வாழைக்கா முத்திக் கெடக்கு, எங்கக்காகிட்ட சேக்கணும். பஸ்சுல குடுத்துவிட்டா லக்கேஜ் கேக்குறாங்ய.