ஹீட்டரியல்: கன்ட்ரோலர் தேர்வு குறித்துச் சில உரைக்குறிப்புகள்

இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் மூன்று: நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று, அதற்குள் ஒரு ஹீட்டர், ஹீட்டரை எப்போது எரியவிடலாம் எப்போது அணைக்கலாம் என்று முடிவு செய்யும் கன்ட்ரோலர் ஒன்று. ஆய்வெல்லை, கடையில் விலை கேட்பதில் தொடங்கி, வீட்டில் "இதுக்கு எவ்ளோ கரண்ட் இழுக்கும்?" என்று கேட்கப்படுவதோடு முடிகிறது. மீன்களின் கருத்தையும் அறிய முயன்றோம். அவை வாயைத் திறந்து திறந்து மூடினவே தவிர, பயன்படக்கூடிய தரவு எதுவும் கிடைக்கவில்லை.

முதலில் திணைப் பாகுபாடு. ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்வெளியில் உறைபனி படிகிறது. எனவே குறிஞ்சித் திணையில் ஹீட்டர் வேண்டுமா என்ற விவாதத்துக்கே இடமில்லை. சிக்கலெல்லாம் நெய்தலில்தான். சென்னையில் மார்கழிக் காலையில் வெப்பமானி இருபது டிகிரிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். கொளத்தூரில் ஆசைப்பட்டு வாங்கிவந்த டிஸ்கஸ் மீனுக்கோ 28 முதல் 30 டிகிரி இருந்தாக வேண்டும். ஆகவே முன்பனிக் காலத்தில் ஹீட்டர் தேவை. அதே தொட்டித் தண்ணீர் சித்திரையில் யாரும் கேட்காமலே 32 டிகிரிக்கு ஏறிவிடும். அப்போது ஹீட்டருக்கு வேலையில்லை, மின்விசிறிக்குத்தான் வேலை. கோல்டு ஃபிஷ் மட்டும் வைத்திருப்பவர் ஹீட்டர் கேட்டு வந்தால், அது குளிர்ந்த நீரில் வாழும் மீன் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற கடைக்காரர் உத்தமர். அத்தகையோர் அருகிவருகின்றனர்.

முன்னோர் பணிகளை இங்கே சுருக்கமாகக் குறிப்பது மரபு. ஹாலந்துக்காரரான கார்னெலியஸ் ட்ரெபெல் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, முட்டை பொரிக்கும் அடுப்பின் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்த வழி கண்டார். கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன் இரட்டை உலோகப் பட்டையைக் கண்டுபிடித்தார். 1830இல் ஆண்ட்ரூ யூர் அதே தத்துவத்தில் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இவர்களில் எவரும் டிஸ்கஸ் வளர்த்ததாகத் தெரியவில்லை.

கண்ணாடிக் குழாய் ஹீட்டரின் தலைப்பகுதியில் இருப்பது பெரும்பாலும் யூர் வழிவந்த அந்தப் பட்டைதான். ஒட்டவைத்த இரண்டு உலோகங்கள் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிவதால் பட்டை வளைகிறது, தொடர்பு விடுபடுகிறது, ஹீட்டர் அணைகிறது. புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களில் வைத்த தொல்காப்பியர் இதைப் பார்த்திருந்தால், மேலும் ஆராயாமல் அதே வரிசையில் சேர்த்திருப்பார். தொட்டு உணர்வதற்கு மேல் இதற்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு முறை ஒட்டிப் பிரியும்போதும் முனையில் சிறு பொறி பறக்கும். பல ஆயிரம் பொறிகளுக்குப் பின் ஒருநாள் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் ஹீட்டர் அணைவதே இல்லை.

இந்த இடத்தில் ஆய்வாளர் சற்றுக் கணக்குப் போட வேண்டும். வெளியே போகும் சூட்டைக் கழிக்காமல் பார்த்தால், நூறு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த நூறு வாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய 70 நிமிடம் ஆகும். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கடைவீதிக் கணக்கு இதனால்தான் பாதுகாப்பானது. "பெருசா போடு, சீக்கிரம் சூடாகும்" என்ற மைத்துனர் சொல்லைக் கேட்டு முந்நூறு வாட் போட்டிருந்தால் டிகிரிக்கு 23 நிமிடமே. முனை ஒட்டிக்கொண்ட இரவில் 28 டிகிரி 36ஐத் தொட மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனும் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 35இல் 7க்கும் கீழே. காலையில் காபி டம்ளருடன் தொட்டிப் பக்கம் வருகிறவர் காண்பதை வருணிப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆகவே கன்ட்ரோலர். கடையில் அதிகம் புழங்குவது எஸ்டிசி-1000 என்ற கருப்புப் பெட்டி. உள்ளங்கையில் அடங்கும், முன்புறம் சிவப்பு எண்கள், பின்புறம் எட்டுத் திருகுகள். அத்துடன் வரும் மடித்த தாளின் எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அதில் நான்கு நூற்பாக்கள் உள்ளன.

எஃப்1, வேண்டிய வெப்பநிலை. இதில் உரை வேறுபாடு இல்லை.

எஃப்2, விடுபடும் இடைவெளி. ஆலையிலிருந்து 0.5 என்று வைத்தே அனுப்புகிறார்கள். 28க்கு வைத்தால் 27.5இல் ஹீட்டர் எரியும், 28இல் அணையும். துல்லியப் பிரியர்கள் இதை 0.3 ஆக்கிவிட்டு, ரிலே 'டிக் டிக்' என்று அடிப்பதைக் கேட்டுப் பெருமைப்படுவர். அது ரிலேயின் ஆயுள் தேயும் ஓசை. அரை டிகிரிக்காக எந்த மீனும் முகம் சுளித்ததில்லை. ஒரு டிகிரி வரை விடலாம் என்பது இவ்வுரையாளர் துணிபு.

எஃப்3, மூன்று நிமிடத் தாமதம். இதற்குக் கடைக்காரர் உரை, "மீனுக்கு ரெஸ்ட் சார்." மைத்துனர் உரை, "வோல்டேஜ் செட்டில் ஆகணும் மாமா." இரண்டும் பொருந்தா. இது ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் அடிக்கடி நின்று ஓடிப் பழுதாகாமல் இருக்க எழுதப்பட்ட விதி. மீன்தொட்டிக்கு இது இடைச்செருகல். அடுத்த நூற்பாவுக்குச் செல்க.

எஃப்4, திருத்தம். இங்கேதான் ஆய்வுலகம் பிளவுபடுகிறது. பெட்டி 27.9 என்று பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். அதே தாளின் மூலையிலோ, ஒரு டிகிரி கூடலாம் குறையலாம் என்ற ஒப்புதல் வாக்குமூலம் உள்ளது. எனவே இன்னொரு வெப்பமானியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அந்த இரண்டாவது வெப்பமானி சரியா என்று பார்க்க மூன்றாவது வாங்குவோர் உளர். அவர்கள் மீன் வளர்ப்பை விட்டு மூலபாட ஆய்வுக்குப் போய்விட்டவர்கள்.

இத்தனை நூற்பாவிலும் சொல்லாமல் விட்டது சென்சாரைப் பற்றி. கருப்பு ஒயரின் நுனியில் விரல்நுனி அளவு உலோகக் குப்பி. அதை ரப்பர் கப்பால் கண்ணாடியில் ஒட்டுவார்கள். சில மாதங்களில் ரப்பர் கெட்டியாகிப் பிடிப்பு விடும். ஒயர் அறுந்தால் பெட்டி கண்டுபிடித்துக் கத்தும். ஆனால் சென்சார் முழுசாக வெளியே வந்து தரையில் கிடந்தால் அதற்கு ஒன்றும் தோன்றாது. தை மாத இரவில் அறைக்காற்று 22 டிகிரி, எனவே தண்ணீரும் 22 என்று நம்பி விடிய விடிய ஹீட்டரை எரிக்கும். தண்ணீர் மாற்றப் பாதியை இறைத்துவிட்டு, போன் வந்தது என்று எழுந்து போகிற வீடுகளிலும் இதே கதைதான். அங்கே கூடுதலாக, நீருக்கு வெளியே எரியும் ஹீட்டரின் கண்ணாடியும் வெடிக்கும். சென்சாரை ஹீட்டருக்கு எதிர்ப்பக்கம், ஃபில்டர் நீரோட்டம் படும் இடத்தில், ஆழமாக, கேபிள் டை போட்டுக் கட்டுவதே முறை.

இவ்வளவும் சொன்னது ஒரு கருதுகோளுக்காக. கன்ட்ரோலரை அது எவ்வளவு துல்லியம் என்று கேட்டு வாங்குகிறோம். அது எப்படிச் சாகும் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதன் ரிலேயும் ஒருநாள் ஒட்டிக்கொள்ளக்கூடியதே. "கன்ட்ரோலர் இருக்குல்ல, ஹீட்டர் திருகை ஃபுல்லா வச்சிடுங்க" என்கிறார்கள். இதை வன்மையாக மறுக்கிறோம். கன்ட்ரோலர் 28இல் இருந்தால் ஹீட்டரின் சொந்தத் திருகு 30இல் இருக்கட்டும். அப்போது இரண்டும் ஒரே இரவில் ஒட்டிக்கொண்டால்தான் விபரீதம். முடிந்தால் ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறியவை போடலாம். ஒன்று அணையாமல் போனாலும் தொட்டியைக் கொதிக்கவைக்கும் வலு அதற்கு இராது.

பிற வகைகள் பற்றி விரைந்து சொல்லிவிடலாம். டபிள்யூ1209 என்பது மூடியில்லாத சிறு பலகை, 12 வோல்ட்டில் ஓடுவது, மிக மலிவு. மீன் துள்ளித் தெளிக்கும் இடத்தில் அதை வைப்பவர் துணிச்சல்காரர். இங்க்பேர்டு போன்றவை பிளக் மாட்டினால் போதும், ஒயர் வேலை இல்லை. விலை கூடுதல்தான், ஆனால் ஒயரிங் தெரியாதவருக்கு அதுவே சிக்கனம். எஸ்டிசியில் ஐந்து, ஆறாம் திருகுகள் ஹீட்டருக்கு, ஏழும் எட்டும் குளிரூட்டலுக்கு. அவை வெறும் சுவிட்ச் முனைகள், தாமாகக் கரண்ட் தருவதில்லை. நேரே ஹீட்டரை மாட்டிவிட்டு "டூப்ளிகேட் கொடுத்துட்டான்" என்று கடைக்குத் திரும்புவோரில் பலரது பெட்டி நல்ல பெட்டியே. லைன் ஒயரிலிருந்து ஒரு துண்டு ஐந்துக்கு இழுத்தால் வேலை முடிந்தது. அந்தத் துண்டை எலக்ட்ரீஷியன் இழுக்கட்டும்.

வாங்கப் போகிறவருக்கு எங்கள் தீர்ப்பு: மின்விசிறியையும் இயக்கும் இரண்டு ரிலே உள்ள பெட்டியே நெய்தல் நிலத்துக்கு ஏற்றது. இதே உருவத்தில் 12 வோல்ட்டுக்கும் 110 வோல்ட்டுக்கும் பெட்டிகள் வருகின்றன. பின்புறச் சீட்டில் 220 என்று அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எர்த் உள்ள பாயின்ட்டில் மாட்டுங்கள், வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன்னால், எத்தனை கன்ட்ரோலர் இருந்தாலும், சுவிட்சை அணைத்துவிடுங்கள்.