நீர்ப்பந்தியல்: நிலமில்லாத் திணைக்கு ஓர் உரை

எதைக் கண்டாலும் வகுத்துப் பார்க்காமல் உறங்க மாட்டார்கள் நம் புலவர்கள். யானைக்கு வகை சொன்னார்கள், மழைக்குச் சொன்னார்கள், ஊடலுக்கும் சொன்னார்கள். நீரில் நின்று பந்தெறியும் பெண்ணை விட்டுவிட்டார்கள். அக்குறை தீர யாம் புகுந்தோம். எமக்கு நீச்சல் தெரியாது. ஆதலால் எந்த அணியின் பக்கமும் சாய மாட்டோம், சாய்ந்தால் மூழ்கிவிடுவோம்.

இந்நூலுக்குக் காட்டு ஒருவரே. கலிஃபோர்னியாவில் 1993இல் பிறந்த மேகி ஸ்டெஃபன்ஸ். அமெரிக்கப் பெண்கள் வாட்டர் போலோ அணியின் 6ஆம் எண் தொப்பி. லண்டன், ரியோ, டோக்கியோ என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் தங்கம். ஒருவரை வைத்து இலக்கணம் எழுதலாமோ எனின், ஒரு தலைவியையும் ஒரு தோழியையும் வைத்து அகத்திணை முழுவதும் எழுதியவர்கள் நாம். இவரும் தலைவிதான். அணித் தலைவி.

முதலில் பெயர். போலோ என்றால் குதிரை வேண்டுமே, குளத்தில் ஏது குதிரை என்று மாணாக்கன் கடாவுவான். விடை: இமயத்தின் பால்டி மொழியில் அச்சொல்லுக்குப் பொருள் பந்து. குதிரை இடையில் வந்து ஏறிக்கொண்டது. ஆகவே நீர்ப்பந்து என்று நாம் சொல்லும்போது குதிரையை இறக்கிவிட்டுச் சொல்லை வீட்டுக்கு அழைத்து வருகிறோம்.

இனி முதற்பொருள். அது நிலமும் பொழுதும் என இருவகை என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. இங்கேதான் எம் நூல் முதல் அடியிலேயே வழுக்கியது. இவ்வாட்டத்தில் நிலம் இல்லை. குளத்தின் ஆழம் 2 மீட்டர். கோல்காப்பாளர் நீங்கலாக யாரும் தரையை மிதித்து ஆடக் கூடாது. காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் நால் எட்டு முப்பத்திரண்டு நிமிடம் ஆட வேண்டும். கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் உண்மையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

நிற்பது எப்படி? இரு காலும் முழங்காலுக்குக் கீழே எதிரெதிராகச் சுழல்கின்றன. முட்டை கலக்கும் கருவியின் பெயரால் ஆங்கிலத்தார் இதைச் சுட்டுவர். யாம் மத்து உதை என்போம். இடுப்புக்கு மேலே பார்த்தால் கோயில் சிற்பம். கீழே பார்த்தால் ஆய்ச்சி வீட்டுத் தயிர்ப்பானை.

நிலம் இல்லாமை வேறொரு வகையிலும் உண்மை. ஆண்கள் 1900இலேயே ஒலிம்பிக் குளத்தில் இறங்கிவிட்டார்கள். பெண்களுக்கு 2000 சிட்னிப் போட்டியில்தான் இடம். அதுவும் ஆஸ்திரேலியப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு, மன்றாடி, போராடிப் பெற்றது. நூறாண்டு கரையில் காத்திருந்த திணை வேறு எந்த நூலிலும் இல்லை. அப்போது மேகிக்கு வயது ஏழு.

கருப்பொருளை விரைவாகக் கடப்போம். பந்து: சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர், எடை 400 முதல் 450 கிராம், ஆண்களின் பந்தைவிடச் சிறிது. கோல்காப்பாளர் அல்லாதார் ஒரு கையால் மட்டுமே தொடலாம். தொப்பி: காதுக்கு மூடி வைத்தது, கோல்காப்பாளருக்குச் சிவப்பு. நகம்: ஆட்டத்துக்கு முன் நடுவர் பார்த்துச் சோதிப்பார். நகத்தைச் சோதித்துவிட்டு உள்ளே அனுப்பும் விளையாட்டு எத்தகையது என்பதைக் குறிப்பால் உணர்க. குடி: தந்தை கார்லோஸ் போர்ட்டோ ரிக்கோவுக்காக இதே ஆட்டம் ஆடியவர்; தமக்கை ஜெசிகா லண்டன் தங்கத்தில் பங்காளி. மூக்கையும் கருப்பொருளில் சேர்க்கலாமா என்று ஓர் ஐயம் உண்டு. டோக்கியோவில் ஜப்பானை 25-4 என்று வென்ற முதல் ஆட்டத்திலேயே தலைவியின் மூக்கு உடைந்தது. அதோடு மிச்சப் போட்டியையும் ஆடித் தங்கம் வாங்கினார். சேர்த்துக்கொண்டோம்.

இனி உரிப்பொருள். இத்திணைக்கு உரியது பிடித்தலும் பிடித்தல் நிமித்தமும்.

இதை விரித்துரைப்போம், ஏனெனில் இதுவே ஆட்டம். பந்தைக் கையில் வைத்திருப்பவளைப் பிடிக்கலாம், இழுக்கலாம், அமுக்கலாம், விதி அனுமதிக்கும். பந்தை விட்டவளைத் தொட்டால் குற்றம். உலகியலில் பொருள் உள்ளவனைத் தொட அஞ்சி இல்லாதவனை அமுக்குவார்கள், நீரியலில் நேர்மாறு. பிடியோ பலவகை. முதலாவது மறைபிடி: நீருக்கு அடியில் எதிராளியின் உடையை முறுக்கிப் பற்றுவது. நடுவர்கள் இருவரும் கரையில் நடப்பவர்கள். அவர்கள் கண்ணுக்கு எட்டுவது தோள் வரை. அடுத்தது சான்றுப்பிடி: முழங்காலாலோ இடுப்பாலோ நெருக்கிக்கொண்டே இரு கைகளையும் வானத்துக்குத் தூக்கி, என் கை இதோ என்று காட்டுவது. இதைக் கண்டால் வைகுண்டம் போகிறவர் போலத் தோன்றும். இனி பொய்ப்பிடி: யாரும் பிடிக்காதபோதே தலையைப் பின்னுக்குச் சாய்த்து மூழ்கிக் காட்டுவது. கைகூடினால் எதிராளி சில வினாடிக்கு வெளியே. மூன்று முறை அப்படியானால் ஆட்டத்தைவிட்டே வெளியே. மெய்ப்பிடிக்கும் பொய்ப்பிடிக்கும் வேறுபாடு யாது எனின், நீருக்கடிக் கேமராவுக்கே வெளிச்சம்.

தொலைக்காட்சிக்காரர்கள் அக்கேமராவை வைத்த பிறகே உலகம் இரண்டு ஆட்டங்கள் நடப்பதை அறிந்தது. மேலே ஒன்று, கணக்குப் புத்தகத்தில் ஏறுவது. கீழே ஒன்று, ஏறாதது. ஒருத்தியின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பங்கு கீழேதான் கரைகிறது. பந்து வந்து சேரும் அரைவினாடிக்கு முன் எதிராளியின் இடுப்பை எந்தக் கோணத்தில் திருப்பினாள் என்பதை எந்த அட்டவணையும் எழுதாது. பந்து வலையில் விழுந்தால் மட்டும் ஒரு கோடு போடும்.

அந்தக் கோடுகளையும் எண்ணாமல் விட்டால் நூல் குறைபடும். லண்டனில் முதல் ஆட்டம், ஹங்கேரிக்கு எதிராக, 19 வயதில் 7 கோல். ஸ்பெயினை 8-5 என்று வென்ற இறுதியாட்டத்தில் அந்த எட்டில் ஐந்து இவருடையவை. அப்போட்டியில் மொத்தம் 21. பெண்களில் யாரும் ஒரே ஒலிம்பிக்கில் அதுவரை எட்டாத எண். ரியோவில் 17, டோக்கியோவில் 18. இத்தாலியின் தானியா தி மாரியோ வைத்திருந்த 47 கோல் சாதனையை டோக்கியோவில் கடந்து 56இல் நின்றார். தி மாரியோவே ரியோ இறுதியில் எதிர்ப்பக்கம் நீந்தியவர் என்பதும், அதில் அமெரிக்கா 12-5 என்று வென்றது என்பதும் நினைவில் வைக்கத் தக்கன. இத்துடன் எண்ணியல் முற்றும். எமக்கு எண்கள் சலிப்பூட்டுபவை.

முதற்பொருளில் பொழுதை மறந்துவிடவில்லை. வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தோம். பிற திணைகளுக்குக் கார், கூதிர், மாலை, யாமம் எல்லாம் உண்டு. இத்திணைக்குப் பெரும்பொழுது நான்காண்டு; சிறுபொழுது ஒரு வினாடி. சான்று மூன்று. 2000, சிட்னி இறுதி: ஆட்டம் முடிய 1.3 வினாடி இருக்க, ஆஸ்திரேலியாவின் இவெட் ஹிக்கின்ஸ் எறிந்த பந்தால் அமெரிக்கா 4-3 என்று தோற்றது. 2012, லண்டன் அரையிறுதி: அதே ஆஸ்திரேலியாவோடு ஒரு கோல் முன்னிலை, ஒரு வினாடி மிச்சம், பந்து தம் அணியிடம் இல்லாதபோது பயிற்சியாளர் ஆடம் கிரிகோரியன் கரையிலிருந்து இடைவேளை கேட்டுவிட்டார். விதிப்படி எதிரணிக்குப் பெனால்ட்டி, ஆட்டம் சமன். குளத்துக்குள் அத்தனை பிடிக்கும் தப்பியவர்களைக் கரையில் காய்ந்த சட்டையோடு நின்ற ஒருவர் மூழ்கடிக்கப் பார்த்தார். கூடுதல் நேரத்தில் 11-9 என்று வென்று, பெண்கள் அவரை மன்னித்தார்கள்.

மூன்றாவது 2024, பாரிஸ். அரையிறுதியில் மறுபடி ஆஸ்திரேலியா. பெனால்ட்டி எறிதலில் தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 10-10 என்று நின்றபோது நெதர்லாந்தின் சப்ரினா வான் டெர் ஸ்லூட் கடைசி வினாடியில் எறிந்தார். 11-10. பெண்கள் ஆட்டம் ஒலிம்பிக்கில் சேர்ந்த நாள்முதல் பதக்கம் இல்லாமல் அமெரிக்க அணி வீடு திரும்பியது அதுவே முதல்முறை.

புறனடை. எவ்வகையிலும் அடங்காதவற்றைக் கடைசியில் அள்ளிப்போட்டுக் கதவைச் சாத்துவது நூல் மரபு. பாரிசுக்குச் சில மாதம் முன், மே 2024இல், மேகி இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி எழுதினார். ஒலிம்பிக் வீரர்களில் பெரும்பாலோர் இரண்டாவது, மூன்றாவது வேலை பார்த்துத்தான் பிழைக்கிறார்கள், ஆதரவு வேண்டும் என்பது அதன் சாரம். மூன்று தங்கம் கழுத்தில் தொங்கியவர் எழுதியது. அதற்குப் பதில் சொன்னவர் ஃபிளேவர் ஃபிளாவ். பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் பழைய ஆள். பெண்பிள்ளைகளைப் பெற்றவன் என்ற முறையில் வருகிறேன் என்று சொல்லி, மேகிக்கும் அணிக்கும் புரவலரானார். ஐந்தாண்டு ஒப்பந்தம் ஆனது. பாரிசிலும் கரையில் நின்று கத்தினார். பாணரே புரவலராகும் இத்துறைக்கு நம் புறத்திணையில் பெயரில்லை. அங்கே பாடுவது எப்போதும் பாணர்தான், கொடுப்பது மற்றவர்.

இந்தப் பாணர் கழுத்தில் எப்போதும் ஒரு பெரிய கடிகாரம் தொங்கும். அதைக் கருப்பொருளில் வைப்பதா, பொழுதில் வைப்பதா என்று யாம் இன்னும் துணியவில்லை.