முத்து நகருக்கு முத்து வெள்ளை

தூத்துக்குடியில் வீடு கட்டுகிறவருக்கு பெயிண்ட் கடையில் நீட்டப்படும் நிற அட்டையில் முத்து வெள்ளை மட்டுமே நாலைந்து சாயல்களில் இருக்கும். மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அதன்பின் ஊரில் முத்து மலிவாகக் கிடைப்பது இந்த அட்டையில்தான்.

வெளிச்சுவருக்கு எந்த நிறம் என்று குடும்பமே கூடி வாதாடும். தீர்ப்பு சொல்வது உப்புக்காற்று. சுவரில் ஏறும் உப்பு, ஈரம் காயும்போது வெள்ளையாய்ப் பூத்து பெயிண்டைச் செதில்செதிலாய் உரிக்கும். உள்ளே இறங்கியதோ கம்பியைத் துருவாக்கும். உத்தரவாதம்? சுவர் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். கடலோரத்தில்!

தாத்தாக்கள் பவளத்தையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். ஈரம் வந்த வழியே போனது. பவளம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் போய்விட்டது, நியாயமே. சிப்பிச் சுண்ணாம்பைத் தடுப்பது சட்டமல்ல, கௌரவம்.

தரைக்கு வந்தால், டைல்ஸ் குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியேறி வருகிறது. உப்பு உற்பத்தியில் நம்மை இரண்டாமிடத்தில் உட்காரவைத்திருப்பதும் அதே குஜராத்துதான். வாசல்படியிலும் முகம் தெரியப் பளபளப்பு வேண்டும் நமக்கு, மழை நாளில் விருந்தாளிக்கு வரவேற்பே, "பாத்து வாங்க அண்ணாச்சி, வழுக்கும்!"

படிக்காவது சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள். நிற அட்டையை விரிக்கும் முன் சுவருக்கு ஈரம் இறக்கும் மொட்டைமாடி ஒழுகலை அடைத்துவிடுங்கள்.